குட்டைச் சொற்களின் பொய்ச்சாட்சி

இரண்டு மொழிகளில் ஒரு சொல் ஒரே மாதிரி ஒலித்து, பொருளும் ஒத்துவந்தால் இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை, சொல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு பழையது, பழையதென்றால் நம்பத்தக்கது. இந்த மூன்று படிகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிடுகிறவர்கள் ஏராளம். ஐரோப்பிய மொழி ஒன்றைப் படிக்கத் தொடங்கியவர் சில வாரங்களிலேயே ஒரு பட்டியலோடு வந்து நிற்கிறார். ஆங்கிலத்தில் ‘ஹேவ்’, லத்தீனில் ‘ஹபேரே’: இரண்டும் ஒன்றை வைத்திருப்பதைக் குறிக்கும். ஜெர்மனில் ‘ஃபாயர்’, பிரெஞ்சில் ‘ஃபெ’: இரண்டும் நெருப்பு, எழுதும்போது முதல் மூன்று எழுத்தும் ஒன்றே. ஆங்கில ‘மச்’, ஸ்பானிய ‘முச்சோ’: மிகுதி. ஆங்கில ‘டே’, லத்தீன் ‘தியேஸ்’: நாள். பட்டியல் நீள நீள நம்பிக்கை இறுகுகிறது.

மேலே சொன்ன நான்கு ஜோடிகளில் ஒன்றுக்குக்கூட உறவு கிடையாது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுவதுதான் முறை. ஒரு மொழி அயலாரிடம் கடன் வாங்கினால் பண்டங்களின் பெயரை வாங்கும். காப்பியும் தேயிலையும் கப்பலேறி வரும்போது பெயரும் கூடவே வரும். ‘நான்’, ‘இரண்டு’, ‘நெருப்பு’, ‘கண்’ இவற்றை யாரும் சந்தையில் வாங்குவதில்லை. ஆகவே இப்படிப்பட்ட அடிப்படைச் சொற்களில் ஒற்றுமை தெரிந்தால் அது பிறப்புவழி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். லத்தீன் ‘துவோ’, ரஷ்ய ‘த்வா’, சமஸ்கிருத ‘த்வ’, ஆங்கில ‘டூ’ என்று வரிசையில் வைத்துப் பார்த்துத்தானே இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தையே கண்டுபிடித்தார்கள்?

கேட்க ஒழுங்கான வாதம்தான். ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்து இழுத்துப் பார்ப்போம்.

1. குட்டையான சொல் பழைய சொல் என்று யார் சொன்னது? இதைச் சொன்னவருக்குப் பெயரும் ஊரும் உண்டு. ஆண்ட்வெர்ப் நகரத்து மருத்துவர் கோரோபியுஸ் பெக்கானுஸ். 1569இல் அந்நகரின் தொன்மை பற்றி ஒரு பெரிய லத்தீன் நூல் எழுதினார். அவருடைய தர்க்கம் இது: முதல் மொழி எளிமையாக இருந்திருக்கும், எளிமை என்றால் குட்டைச் சொற்கள், லத்தீன், கிரேக்கம், எபிரேயம் மூன்றையும்விடத் தம் ஊர் டச்சு மொழியில் ஓரசைச் சொற்கள் அதிகம், ஆகவே ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும் பேசியது ஆண்ட்வெர்ப் பேச்சு. ‘ஆதாம்’ என்பதை ‘ஹாத்-டாம்’ என்று பிரித்து, வெறுப்புக்குக் குறுக்கே போட்ட அணை என்று பொருளும் சொன்னார். கைதட்டவும் ஆள் இருந்தது. தசமப் பின்னத்தை ஐரோப்பாவில் பரப்பிய சைமன் ஸ்டெவின், சாமானியக் கணக்காளர் அல்ல. அவரே 1586இல் எடை, சமநிலை பற்றிய தம் நூலின் முன்னுரையில் டச்சு ஓரசைச் சொற்களைப் பட்டியல் போட்டு அதன் மேன்மையை நிறுவப் பார்த்தார். பின்னாளில் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ், இப்படிக் கன்னாபின்னாவென்று வேர் பிரிப்பதற்கென்றே கோரோபியுஸின் பெயரிலிருந்து ஒரு கேலி வினைச்சொல்லை உண்டாக்கினார்.

இந்தக் கதையைக் கேட்டால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு, அவர் முதலில் வைத்த முற்கோளை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

உண்மை நேர் எதிரானது. இன்றைய ஐரோப்பியக் குட்டைச் சொற்களில் பெரும்பாலானவை நீண்ட சொற்கள் இடிந்துபோனதில் எஞ்சியவை. பிரெஞ்சில் ஆகஸ்ட் மாதத்தை ‘ஊத்’ என்பார்கள், சிலர் வெறும் ‘ஊ’ என்றே சொல்வார்கள். அது லத்தீன் ‘அவுகுஸ்துஸ்’. பிரெஞ்சு ‘வீ’, அதாவது ‘ஆம்’, ‘ஹோக் இல்லே’ என்ற இரண்டு லத்தீன் சொற்கள் நசுங்கி ஒட்டியது. ஆங்கில ‘நாட்’டுக்குள் ‘இல்லை’, ‘எப்போதும்’, ‘பொருள்’ என்று மூன்று பழைய சொற்கள் கிடக்கின்றன. சுவீடிஷில் முன்னிலைப் பன்மை ‘நி’. அதன் கதை இன்னும் வேடிக்கை. பழைய சொல் வெறும் ‘இ’. அதற்கு முன் வந்த வினைமுற்றுகள் ‘ன்’ என்று முடிந்தன. பேச்சில் அந்த னகரம் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு ‘நி’ ஆகிவிட்டது. இவற்றைப் பிளக்க முடியாத ஆதி அணுக்கள் என்று நினைத்துத் தராசில் வைக்கிறார்கள்.

2. ‘இவ்வளவும் தற்செயலா?’ என்று கேட்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டா? ஒரு மொழியில் 15 மெய்யும் 5 உயிரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்த அசைகள் 75. தனி உயிர்கள் 5. ஆக 80 இடங்கள். இரண்டு மொழிகள் தலைக்கு 50 குட்டைச் சொற்களை, சொல்லுக்கு ஓர் இடமாக, இந்த 80 இடங்களில் உட்கார வைத்தால், எப்படி உட்கார வைத்தாலும் குறைந்தது 20 இடங்களில் இரண்டும் மோதியே ஆக வேண்டும். அதே மெய்களையும் உயிர்களையும் கொண்டு மெய்யும் உயிருமான மூன்று அசைகளில் சொல் கட்டினால் இடங்கள் 4,21,875 ஆகிவிடும், மோதல் அபூர்வமாகும். சொல் குறுகக் குறுக அதன் சாட்சியம் பலவீனமாகிறது. எதிர்த்தரப்பு தலைகீழாகப் பிடித்திருப்பது இதைத்தான்.

இன்னொன்று, ஐரோப்பாவில் 40 மொழிகளை மட்டும் எடுத்தாலும் ஜோடிகள் 780. அத்தனையிலும் தேடித் துழாவி ஒத்துவருவதை மட்டும் எடுத்துக் காட்டுகிறவர், நழுவியவை எத்தனை என்று சொல்வதில்லை. ‘மோஸ்ட்’ என்ற நான்கெழுத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘மிக அதிகம்’. செக், போலிஷ், ரஷ்ய மொழிகளில் பாலம். ஜெர்மனில் புளிக்காத பழரசம், சில வட்டாரங்களில் ஆப்பிள் மது. அது லத்தீன் ‘முஸ்தும்’. ஹங்கேரியனில் அதே எழுத்துக்களை ‘மோஷ்ட்’ என்று படிப்பார்கள், பொருள் ‘இப்போது’. செக் நாட்டில் மோஸ்ட் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஜெர்மானியர் அதை ‘ப்ரூக்ஸ்’ என்றார்கள், அதிலும் பாலம்தான் இருக்கிறது. இந்த ஊர்ப் பெயருக்கும் ஆங்கில ‘மோஸ்ட்’டுக்கும் என்ன உறவு என்று யாராவது கட்டுரை எழுதியிருக்கிறார்களா? எழுத மாட்டார்கள். பொருள் வேறுபட்டால் தற்செயலை உடனே ஒப்புக்கொள்கிறோம். ஸ்பானியர் ‘பான்’ என்றால் ரொட்டி, போலந்துக்காரர் ‘பான்’ என்றால் ஐயா. ரஷ்யர் ‘தா’ என்றால் ஆம், இத்தாலியர் ‘தா’ என்றால் ‘இருந்து’, ஜெர்மானியர் ‘தா’ என்றால் ‘அங்கே’, வேல்ஸ்காரர் ‘தா’ என்றால் ‘நல்ல’. இங்கெல்லாம் தோள் குலுக்கிவிட்டுப் போகிறவர், பொருள் ஒத்துவந்த மறுகணமே தற்செயல் என்ற ஒன்றே உலகில் இல்லை என்கிறார். குதிரை தோற்ற சீட்டுகளையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு ஜெயித்த சீட்டை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தனக்குப் பந்தயக் கலை கைவந்துவிட்டது என்பவரின் கணக்கு இது.

ஈரசைச் சொற்களும் தப்பவில்லை. கிரேக்கத்தில் கண்ணுக்கு ‘மாத்தி’. மலேசியத் தமிழர்களுக்கு நன்றாகப் பழகிய மலாய்ச் சொல் ‘மாத்தா’, அதுவும் கண். கிரேக்கச் சொல் ‘ஒம்மாத்தியோன்’ என்பதன் தலையும் வாலும் தேய்ந்தது. அதன் உறவு லத்தீன் ‘ஓகுலுஸ்’. மலாய்ச் சொல் ஆஸ்திரனேசியக் குடும்பத்தின் பழம்பொருள். இரண்டும் சந்தித்ததே இல்லை.

3. ‘ஒலி ஒத்தால் போதாது, இலக்கணப் பங்கும் ஒத்திருந்தால்?’ இது நல்ல கேள்வி. பதில் இன்னும் நல்லது.

போர்த்துகீசியத்தில் ஆண்பால் ஒருமைப் பெயருக்கு முன், ஆங்கில ‘தி’ போல, வரும் சுட்டுச்சொல் ‘ஓ’. இன்றைய கிரேக்கத்திலும் ஆண்பால் ஒருமைக்கு ‘ஓ’. எழுத்து ஒன்று, பொருள் ஒன்று, பால் ஒன்று, எண் ஒன்று, வாக்கியத்தில் நிற்கும் இடமும் ஒன்று. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் போர்த்துகீசிய ‘ஓ’ லத்தீன் ‘இல்லும்’ என்பதன் மிச்சம்: ‘இல்லும்’, பிறகு ‘லோ’, பிறகு ‘ஓ’. கிரேக்கச் சொல்லோ ‘ஹோ’ என்று ஒலித்த பழஞ்சொல். அதன் மூலம் ‘ஸோ’. சமஸ்கிருத ‘ஸ’ அதன் பங்காளி. இரண்டும் வெவ்வேறு வேர்.

இத்தாலியனுக்கு வாருங்கள். ஆண்பால் பன்மைக்கு ‘இ’. கிரேக்கத்தில் பன்மைக்கு அதுவும் ‘இ’. மறுபடி ஒற்றுமை, மறுபடி ஏமாற்றம். இத்தாலிய ‘இ’, லத்தீன் ‘இல்லி’யின் பாதி. கிரேக்க ‘இ’யை இன்றும் இரண்டெழுத்துச் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள், ஏனென்றால் பிளேட்டோ காலத்தில் அது ‘ஹொய்’. ஹகரம் போயிற்று; ‘ஒய்’ பல நூற்றாண்டுகளில் மெல்ல மாறி ‘இ’ ஆயிற்று. லத்தீனும் கிரேக்கமும் அக்கம்பக்கம் செழித்திருந்த காலத்தில் இந்த இரண்டு சொற்களும் ஒன்றுபோல ஒலிக்கவே இல்லை. ஒற்றுமை பின்னாளில் வந்தது. குடும்ப உறவு என்றால் பின்னோக்கிப் போகப்போக நெருங்க வேண்டும். இவை பின்னோக்கிப் போனால் விலகுகின்றன.

கத்தலானில் ‘இ’ என்றால் ‘மற்றும்’. போலிஷிலும் ‘இ’ என்றால் ‘மற்றும்’. கத்தலான் சொல் லத்தீன் ‘எத்’. போலிஷ் சொல் ஸ்லாவிய மொழிகளின் தனிச் சொத்து, வேறொரு பழைய சுட்டிலிருந்து வந்தது. போர்த்துகீசியப் பெண்பால் சுட்டு ‘அ’. ஹங்கேரியனில் பால் வேற்றுமையே கிடையாது, அங்கும் சுட்டு ‘அ’. ஹங்கேரியன் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்திலேயே இல்லை. பின்லாந்து மொழியின் தூரத்துச் சொந்தம்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதில் மர்மமில்லை. சுட்டு, இணைப்பு, எதிர்மறை போன்ற வேலைகளைச் செய்யும் சொற்களை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அழுத்தம் விழாத சொல் தேயும். தேய்ந்து தேய்ந்து கடைசியில் ஓர் உயிரெழுத்தில்தான் வந்து நிற்க முடியும். அதற்குமேல் தேய்ந்தால் சொல்லே இல்லை. உயிர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. சுட்டுச்சொற்கள் பெரும்பாலும் ‘அந்த’ என்ற பொருளிலிருந்தே பிறப்பதால், பொருளும் தானாகவே ஒத்துப்போகிறது. ஒரே சரிவில் வெவ்வேறு இடத்திலிருந்து உருண்ட கற்கள் ஒரே குழியில் வந்து விழுவதில் என்ன அதிசயம்?

சில சமயம் காது சரியாகவும் சொல்லிவிடும், அதுவும் தவறான காரணத்துக்காக. பிரெஞ்சில் தண்ணீர் ‘ஓ’. சுவீடிஷில் சிற்றாறு ‘ஓ’. இவை உண்மையிலேயே உறவு. ஒன்று லத்தீன் ‘அகுவா’, மற்றது அதன் ஜெர்மானிய உடன்பிறப்பு. ஆனால் ‘ஓ’ என்ற ஒலி அவர்களின் பொது முன்னோரிடம் இருந்ததல்ல. இரண்டு மொழிகளும் தனித்தனியே தேய்ந்து அதே ஒலிக்கு வந்து சேர்ந்தன. உறவை நிறுவுவது அந்தப் பழைய ‘அகுவா’தான், இன்றைய ‘ஓ’ அல்ல.

4. உறவு ஒற்றுமையில் தெரியும் என்ற நம்பிக்கைதான் ஆணிவேர், அதையே வெட்டுவோம். உறவு தெரிவது ஒழுங்கான வேற்றுமையில். தமிழில் பால், பத்து, புலி, பல். கன்னடத்தில் ஹாலு, ஹத்து, ஹுலி, ஹல்லு. ஒன்றுகூட ஒலியில் அப்படியே ஒக்கவில்லை; ஆனால் ஒரே விதமாக ஒக்கவில்லை. பகரம் இருந்த இடத்தில் ஹகரம். சாட்சி என்றால் இதுதான் சாட்சி.

இதையே ஐரோப்பாவில் டென்மார்க்கின் ராஸ்மஸ் ராஸ்க் 1818இல் எழுதினார். நாட்டுப்புறக் கதைகளால் நமக்குத் தெரிந்த யாகோப் கிரிம் 1822இல் விதியாக வகுத்தார். லத்தீனில் ககரம் இருந்தால் ஆங்கிலம், ஜெர்மன் போன்றவற்றில் ஹகரம்: கொம்புக்கு ‘கோர்னு’, ‘ஹார்ன்’, நூறுக்கு ‘கெந்தும்’, ‘ஹன்ட்ரட்’, நாய்க்கு ‘கானிஸ்’, ‘ஹவுண்ட்’. லத்தீன் ‘d’ ஒலி ஆங்கிலத்தில் ‘t’ என்ற வல்லொலியாகும்: ‘துவோ’ என்பது ‘டூ’, ‘தெகெம்’ என்பது ‘டென்’. இப்போது ‘ஹேவ்’, ‘ஹபேரே’ ஜோடியை எடுங்கள். ஆங்கில ஹகரத்துக்கு எதிரே லத்தீனில் ககரம் நிற்க வேண்டும்; நிற்பது ஹகரம். ஆக இவை உறவாக இருக்கவே முடியாது. அந்த ஒற்றுமையே அவற்றுக்கு எதிரான சாட்சியம். ‘ஹேவ்’வின் உண்மையான லத்தீன் உறவு ‘காபெரே’, கைப்பற்று. ‘ஹபேரே’யின் ஆங்கில உறவாகச் சொல்லப்படுவது ‘கிவ்’, கொடு. நாள் என்ற ஜோடியும் இதே விதியில் அடிபட்டுப் போகிறது: லத்தீன் ‘தியேஸ்’ உறவென்றால் ஆங்கிலச் சொல் ‘t’ என்ற வல்லொலியில் தொடங்க வேண்டும்; ‘டே’ தொடங்குவதோ ‘d’யில். அப்படித் தொடங்கும் சொல் செவ்வாய்க்கிழமைக்கான ‘டியூஸ்டே’யின் முன்பாதி, டியூ என்ற பழைய ஜெர்மானியத் தெய்வம், லத்தீன் ‘தேஉஸ்’, ‘தியேஸ்’ இரண்டுக்கும், நம் காதுக்குப் பழகிய சமஸ்கிருத ‘தேவ’வுக்கும் சொந்தம். பின்பாதியான ‘டே’ யாரோ எவரோ. கடவுளுக்கான கிரேக்கச் சொல் ‘தியோஸ்’ லத்தீன் ‘தேஉஸ்’போலவே ஒலித்தாலும் அதற்கும் இந்தக் குடும்பத்தில் இடமில்லை, கிரேக்கத்தில் இந்தக் குடும்பத்துப் பிள்ளை ‘ஸெயுஸ்’.

மறுபக்கம், ஆர்மேனியனில் இரண்டுக்கு ‘எர்க்கு’. ‘துவோ’வோடு ஓர் ஒலிகூட ஒட்டவில்லை. ஆனால் மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் ‘த்வ்’ இருந்த இடத்தில் ஆர்மேனியனில் ‘எர்க்’ வருவதை பிரெஞ்சு மொழியியலாளர் அந்த்வான் மெய்யே வேறு சொற்களிலும் எடுத்துக் காட்டினார். நீளத்தைக் குறிக்கும் சொல்லில், அச்சத்தைக் குறிக்கும் சொல்லில். ஆகவே ‘எர்க்கு’ உறவு. காதை நம்பியிருந்தால் இதைத் தொலைத்திருப்போம்.

சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்தில் பிறந்திருக்க வேண்டும் என்று வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில் சொன்னதையும் அரைகுறையாகவே மேற்கோள் காட்டுகிறார்கள். வினை வேர்களோடு இலக்கண வடிவங்களும் ஒத்துப்போவதை அவர் சுட்டினார். அந்தப் பின்பாதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

5. அடிப்படைச் சொற்களை யாரும் கடன் வாங்குவதில்லையா? ஆங்கிலேயரிடம் கேளுங்கள். ‘தே’, ‘தெம்’, ‘தெயர்’ மூன்றும் வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்தவை. படர்க்கைப் பன்மையையே பக்கத்துவீட்டில் வாங்கியிருக்கிறார்கள். லத்தீனின் நேர் வாரிசான ருமேனியன், ‘ஆம்’ என்பதற்கு ஸ்லாவிய ‘தா’வை வைத்துக்கொண்டிருக்கிறது.

6. பொருள் ஒத்தால் உறவு என்கிறவர், பொருள் மாறினால் உறவில்லை என்று சொல்ல வேண்டியதாகிவிடும். ஜெர்மனில் ‘கிஃப்ட்’ என்றால் நஞ்சு, ஆங்கிலத்தில் அன்பளிப்பு. இவை ஒரே சொல். ‘கொடுக்கப்படுவது’ என்பதே மூலம். மருந்தின் அளவைக் குறிக்கும் கிரேக்க ‘தோசிஸ்’ என்பதும் ‘கொடுத்தல்’தான், அதைப் பின்பற்றி ஜெர்மன் சொல் விஷத்தில் போய் முடிந்தது. சீதனத்துக்கு மட்டும் இன்றும் ‘மிட்கிஃப்ட்’ என்கிறார்கள். சுவீடிஷில் ‘யிஃப்ட்’ என்று ஒலிக்கும் அதே சொல்லுக்கு நஞ்சு என்றும் திருமணமானவர் என்றும் பொருள். அந்த ஊர்க்காரர்களின் நகைச்சுவைக்குத் தீனி தீராது. ஜெர்மன் ‘ராட்’ என்பது ஆலோசனை, ஆங்கில எலியோடு சம்பந்தமில்லை. ஆனால் படித்தலைக் குறிக்கும் ஆங்கில ‘ரீட்’டோடு உண்டு. 978இல் இங்கிலாந்தில் அரியணை ஏறிய எதெல்ரெட் மன்னரை ‘அன்ரெடி’ என்று சொல்வதைப் பார்த்து அவர் எப்போதும் தயாராக இல்லாதவர் என்று நினைப்பது வழக்கம். இரண்டிலும் இருப்பது இதே ஆலோசனைச் சொல்: அவர் பெயருக்கு ‘மேன்மையான ஆலோசனை’ என்று பொருள்; பட்டப்பெயருக்கு ‘கெட்ட ஆலோசனை’ என்று பொருள். பழைய சிலேடை, புதிய காதில் தப்பாக விழுகிறது.

7. ‘அம்மாவுமா தற்செயல்?’ கடைசி அஸ்திரம் எப்போதும் இதுதான். தற்செயல் அல்ல, உறவும் அல்ல. உதட்டை மூடித் திறந்தால் வரும் முதல் ஒலிகளைக் குழந்தை எழுப்புகிறது, பெற்றவர்கள் அதைத் தங்களுக்கான அழைப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். மொழியியலாளர் ரோமான் யாகோப்சன் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். யாரை எது அழைக்கிறது என்பதை அந்தந்த ஊர் முடிவு செய்கிறது: ஜார்ஜியனில் ‘மாமா’ என்றால் அப்பா, ‘தேதா’ என்றால் அம்மா.

8. இந்தப் பழக்கம் நம் மொழிக்கு நன்மையாவது செய்கிறதா? தமிழிலிருந்து ஐரோப்பிய மொழிகளை வரவழைக்கும் பட்டியல்களில் முதலிடம் ‘ஒன்று’, ‘ஒன்’ என்ற ஜோடிக்கு. ஆங்கில எண்ணின் தொடக்கத்தில் இன்று கேட்கும் வகர ஒலி இடைக்காலத்தின் இறுதியில் வட்டாரப் பேச்சிலிருந்து நுழைந்தது. அதற்கு முன்பு அது ‘ஆன்’. லத்தீன் ‘ஊனுஸ்’ஸின் உறவு. ‘அலோன்’, ‘ஓன்லி’ என்ற சொற்களுக்குள் பழைய உயிரொலியின் வழி வந்த வடிவம் இன்னும் இருக்கிறது. நமக்கு ஒத்தாற்போல் ஒலிப்பது இந்தப் புது உச்சரிப்பு மட்டும்தான்.

இப்படிப்பட்ட பொய்ச்சாட்சிகளைக் கூண்டில் ஏற்றுவதால் உண்மையான சாட்சிகளும் நம்பிக்கை இழக்கிறார்கள். கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கிலத்துக்குப் போனது வழியோடு தெரிந்த செய்தி. காசு அதைவிடச் சுவையான வழக்கு. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று இரண்டு சொற்கள் உண்டு, நல்ல அகராதிகள் தனித்தனியே பதிவு செய்திருக்கும். ஒன்று தென்னிந்தியச் சில்லறை நாணயம். கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைக் கணக்கில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். இது நம் காசு, போர்த்துகீசியர் வாயில் ‘காய்ஷா’ ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. அவர்கள் மொழியில் பெட்டிக்கு ஏற்கெனவே ‘காய்ஷா’ என்றொரு சொல் இருந்தது, லத்தீன் ‘காப்ஸா’விலிருந்து வந்தது; நம் காசு அதன் உருவத்திலேயே போய் விழுந்துவிட்டது. மற்றொரு ‘கேஷ்’ பிரெஞ்சு, இத்தாலிய வழியாக வந்த அதே ‘காப்ஸா’. முதலில் பணப்பெட்டி, பிறகு பெட்டியிலிருக்கும் பணம். வங்கிக் கவுன்டரின்மேல் எழுதியிருப்பது இந்த இரண்டாவது ‘கேஷ்’.